கஞ்சர் அளந்த அளவு

அலுவலகத்தில் அவருக்குக் கஞ்சர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே ஒரு ‘சார்’ சேர்த்துக் கூப்பிடுவார்கள். அவரும் பெருமையாக ‘என்னப்பா’ என்று திரும்புவார். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்பாத மனுஷன். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. அவருடைய கஞ்சத்தனம் முழுக்கக் கம்ப்யூட்டர் நினைவகத்தில்தான். யாராவது நூறு பைட் இடத்தை வீணாக்கிவிட்டால் போதும், புதுச் சுவரில் ஆணி அடிப்பதைப் பார்த்த வீட்டுக்காரர் மாதிரி முகம் சுண்டிப்போய்விடும்.

இருபத்துமூன்று வயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் செய்கிற கம்பெனியில் சேர்ந்தவர். அந்த இயந்திரங்களின் மொத்த நினைவகத்தில் இன்றைக்குச் செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட வைக்க முடியாது. பதினைந்து வருஷம் அதில் குடித்தனம் நடத்தியவருக்குக் கை தாராளமாக வருமா? அந்தக் கம்பெனியை இழுத்து மூடினார்கள். முப்பத்தெட்டு வயதில் இங்கே வந்தார். சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் அனுப்பும் இயந்திரத்தை இந்தக் கம்பெனி செய்கிறது. அதற்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்; அதன் அடித்தளத்தில் கெர்னல் என்று ஒரு நிரல். பம்பு சுற்றுவது, அலாரம் அடிப்பது, திரையில் எண் காட்டுவது எல்லாம் அது விட்ட வழி. அந்தக் கெர்னலைப் பதினான்கு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவந்தார் கஞ்சர்.

இதில் என்ன கஞ்சத்தனம் வேண்டிக் கிடக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கேளுங்கள். கெர்னலில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஸ்டாக் என்று ஒரு இடம் உண்டு. ஒரு குட்டி மேஜை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுப்பு, வேலைக்கு வரும்போது தன் தாள்களை அதில் பரப்பும். அது இன்னொன்றை உதவிக்குக் கூப்பிட்டால், வந்தது மிச்சமிருக்கும் இடத்தில் தன் தாள்களைப் பரப்பும். முடிந்ததும் அள்ளிக்கொண்டு போய்விடும். அந்த மேஜையின் மொத்த அளவு எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பைட். அதற்கு மேலே போனால் பக்கத்திலிருப்பவரின் தாள் மேலே விழும். ‘இடமில்லை’ என்று சொல்ல அங்கே நாதி கிடையாது. இயந்திரம் என்னமோ உளறிவிட்டு நின்றுபோகும்.

நாம் எழுதுவதை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர் இருக்கிறதே, அது தங்கமான வேலைக்காரன்தான். ஆனால் சொன்னதோடு நிற்காது. ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடுகிறது என்றால், போய்வருகிற நேரம் தண்டம் என்று நினைத்து, கூப்பிடப்பட்டதன் உடம்பையே தூக்கிக் கூப்பிட்டதற்குள் வைத்துத் தைத்துவிடும். இதற்கு இன்லைன் என்று பெயர். ‘இதை இன்லைன் செய்’ என்று நாம் எழுதிக் கொடுத்தாலும் அது வெறும் சிபாரிசு. கம்பைலர் தன் கணக்கைத்தான் பார்க்கும். சின்னதா? உள்ளே இழு. பெரிசு, அதோடு நாலு இடத்திலிருந்து கூப்பிடுகிறார்களா? வேண்டாம், நாலு நகல் ஆகும். பெரிசுதான், ஆனால் ஒரே ஒரு இடத்திலிருந்துதான் கூப்பிடுகிறார்களா? அப்படியென்றால் நகலே இல்லையே, தாராளமாக இழு. இந்த மூன்றாவது விதிதான் இந்தக் கதை.

அந்தக் கெர்னலில் பிழை அறிக்கை எழுதுவதற்கென்று ஒரு ஃபங்ஷன் இருந்தது. வந்தால் ஆயிரத்து ஐநூறு பைட்டுக்குத் தாள் பரப்பும். ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை வந்தாலே அதிகம். அதைக் கூப்பிடுவது ஒரே ஒரு ஃபங்ஷன்; அதுவோ நாள் முழுக்க ஓய்வில்லாமல் ஓடுவது, தனக்குக் கீழே ஒருவர் மாற்றி ஒருவராகப் பத்து இருபது பேரைக் கூப்பிடுவது. கம்பைலர் இதைத் தூக்கி அதற்குள் தைத்துவிட்டால், பிழை வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஆயிரத்து ஐநூறு பைட்டும் நாள் முழுக்க மேஜையை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதனால் ஒன்பது வருஷத்துக்கு முன்னாலேயே கஞ்சர் அதன் தலைமேல் ‘நோஇன்லைன்’ என்று ஒரு சொல் எழுதி வைத்தார். உள்ளே இழுக்காதே என்று அர்த்தம். இது சிபாரிசு இல்லை, கட்டளை. கம்பைலர் வாயை மூடிக்கொண்டு கேட்கும்.

அவருக்கு எதிர் மேஜையில் ஒரு பெண். அவரைவிட எட்டு வயது இளையவள். மருத்துவமனைக்குப் போகிற ஒவ்வொரு ரிலீஸையும், அதாவது கெர்னலின் ஒவ்வொரு புதுப் பதிப்பையும், கட்டிமுடித்து, ‘இது சரி’ என்று கையெழுத்துப் போடுவது அவள் பொறுப்பு. அதனால் சின்னவர்கள் கையெழுத்தக்கா என்பார்கள். அவளிடம் கையெழுத்து வாங்குவதற்குள் ஒவ்வொருவருக்கும் உயிர் போய்விடும். அளவு எங்கே, யார் அளந்தது, எந்த பில்டில், அதாவது எந்தத் தடவை கட்டியதில், அளந்தது என்று குடைந்து எடுத்துவிடுவாள். கஞ்சரிடம் மட்டும் கேட்கமாட்டாள். பதினான்கு வருஷம் எதிரும் புதிருமாக உட்கார்ந்ததில், அவருக்கு அவள் கூடப்பிறக்காத தங்கச்சி. அவர் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கூடவே இருந்தவள் அவள்தான். இவர் ஆபீஸில் இருந்தார்.

போன வருஷம் அவர்கள் குழுவுக்கு ஒரு புதுத் தலைவர் வந்தார். வாயைத் திறந்தால் வேகம், வேகம், வேகம். அதனால் அவருக்கு வேகம் என்றே பெயராகிவிட்டது. அவர் ஒருநாள் கெர்னலில் கிடக்கும் பழைய கட்டளைகளையெல்லாம் பெருக்கித் தள்ளக் கிளம்பினார். நோஇன்லைன் என்று இருந்த முப்பது நாற்பது இடங்களில் கஞ்சருடைய சொல்லும் ஒன்று.

“சார், இந்த நோஇன்லைன் எல்லாம் எந்தக் காலத்துல போட்டது? இப்ப இருக்கிற கம்பைலருக்கு நம்மளவிட நல்லாத் தெரியும் சார்.”

“தெரியட்டும். ஸ்டாக் என்னுதா, அதோடதா?” என்றார் கஞ்சர்.

“சரி, நீங்களே அளந்து சொல்லுங்க. இடம் பத்தலைன்னா விட்டுடறேன். போதுமா?”

நியாயமான பேச்சு. கஞ்சரும் ஒத்துக்கொண்டார். ஸ்டாக் மேஜை முழுவதும் ஒரே அடையாள இலக்கத்தைப் பூசி வைத்து, இயந்திரத்தை ஓடவிட்டு, எதுவரை அந்தப் பூச்சு அழிந்திருக்கிறது என்று பார்த்தால், எவ்வளவு இடம் பயன்பட்டது என்று தெரிந்துவிடும். ஆனால் பிழை வந்தால்தானே பிழை அறிக்கை எழுதும்? ஒரு மாதம் யார் காத்திருப்பது? அதனால் அவர், சோதனைக்கென்று தனியாக ஓரிடத்திலிருந்து அந்த ஃபங்ஷனை வேண்டுமென்றே கூப்பிட வைத்தார். எல்லோரும் செய்வதுதான். நோஇன்லைன் என்ற சொல்லை எடுத்துவிட்டு மூன்று நாள் ஓடவிட்டார். ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் பைட். ஆயிரத்து இருநூறுக்கு மேல் மிச்சம். அவருக்கே ஆச்சரியம். கம்பைலர் பரவாயில்லையே, அந்தப் பெரிய ஃபங்ஷனை உள்ளே இழுக்காமல் விட்டிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார். சோதனைக்காகப் போட்ட அந்த ஒரு அழைப்பை ஒழுங்காக எடுத்துவிட்டார். நோயாளிக்குப் போகும் இயந்திரத்தில் சோதனைச் சரக்கு இருக்கக் கூடாதே. அளவை எழுதி அனுப்பினார்.

எதிர் மேஜையிலிருந்து அவள் தலையை நிமிர்த்தினாள்.

“அளந்துட்டீங்களாண்ணா?”

“அளந்துட்டேம்மா. இடம் இருக்கு.”

“அப்ப எனக்கு என்ன கவலை” என்று கையெழுத்தைப் போட்டாள்.

அடப்பாவி மனுஷா, என்ன செய்தோம் என்று அப்போது அவருக்கு உறைக்கவே இல்லை. அளக்கும்போது அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டது இரண்டு இடம். கெர்னல் கூப்பிடுகிற இடம் ஒன்று, இவர் சோதனைக்குப் போட்டது ஒன்று. இரண்டு இடம், பெரிய உடம்பு. கம்பைலர் இழுக்காமல் விட்டது. இவர் சோதனை அழைப்பை எடுத்ததும் கூப்பிடுவது ஒரே இடமாகிவிட்டது. ரிலீஸைக் கட்டியபோது கம்பைலர் அதைத் தூக்கி உள்ளே வைத்துத் தைத்துவிட்டது. இவர் அளந்தது ஒரு கெர்னல், ஆஸ்பத்திரிக்குப் போனது வேறொரு கெர்னல். நடுவில் மாறியது அளப்பதற்காக இவர் போட்டு எடுத்த அந்த ஒரு அழைப்பு மட்டும்தான். இந்த விதி தெரியாதவரா? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வருஷா வருஷம் பலகையில் படம் போட்டுச் சொல்லிக் கொடுப்பவரே இவர்தான்.

வழிந்தது ஒரு முக்கியமான தாள் மேலே விழும்வரை வெளியே தெரியவில்லை; ஏழு வாரம் கழித்து இயந்திரங்கள் நிற்க ஆரம்பித்தன. மூன்று ஆஸ்பத்திரி, ஐந்து இயந்திரம். ஓடிக்கொண்டிருந்த பம்பு நின்று, குழாயில் இருந்த ரத்தம் அப்படியே உறைந்துபோனது. யாரும் சாகவில்லை, நல்லவேளை. ஒரு அம்மாவுக்குக் குழாயிலிருந்த ரத்தமெல்லாம் வீணாகி, மயங்கி, இரண்டு நாள் தீவிரப் பிரிவில் இருந்தார். செய்தி வந்த அன்று அலுவலகத்தில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. அன்று மாலையே பழைய ரிலீஸைத் திரும்ப ஏற்றச் சொல்லி எல்லா இடத்துக்கும் தகவல் போனது. அடுத்த கேள்வி, யார் தலையில் கட்டுவது என்பதுதான்.

மூன்றாம் நாள் கஞ்சர் கண்டுபிடித்துவிட்டார். மதியம், பக்கத்தில் யாருமில்லாத நேரம். ஆஸ்பத்திரிக்குப் போன கெர்னலில் இருக்கும் ஃபங்ஷன்களின் பெயர்ப் பட்டியலைத் திறந்து, பிழை அறிக்கை ஃபங்ஷனின் பெயரைத் தேடினார். இல்லை. எழுத்துப்பிழையோ என்று திரும்பத் தேடினார். இல்லவே இல்லை. உள்ளே வைத்துத் தைத்துவிட்ட ஃபங்ஷனுக்குத்தான் பட்டியலில் தனிப்பெயர் இருக்காது. ஒன்பது வருஷமாக அந்தப் பட்டியலில் இருந்த பெயர். சோதனைக்குக் கட்டிய கெர்னலின் பட்டியலைத் திறந்தார், அதில் இருந்தது. மேஜையைக் கொஞ்சம் பெரிதாக்கி, சோதனை அழைப்பில்லாமல் கட்டி மறுபடியும் அளந்து பார்த்தார். எட்டாயிரத்து நானூறு. பழைய மேஜையைவிட இருநூறு பைட் அதிகம்.

எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். பெரியவரின் அறை பத்தடி தூரம். பெரியவர் என்றால் அந்தப் பிரிவுக்கே தலைவர். எட்டாயிரத்து நானூறு என்று ஒரு தாளில் எழுதி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் மட்டும் சொன்னார். அந்த அம்மா கணக்கு டீச்சராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப தப்பு உங்களுது.”

“ஆமா.”

“போய்ச் சொல்லிட வேண்டியதுதானே? அந்தப் பொண்ணு கையெழுத்து போட்டிருக்காளே.”

“சொல்லாம என்ன? எல்லாத்தையும் சரியா எழுதி எடுத்துக்கிட்டுப் போகணுமில்ல. சும்மா வாயால சொன்னா ஆச்சா?”

எழுதினார். அன்றைக்கு எழுதினார், மறுநாளும் எழுதினார். நோஇன்லைனின் வரலாறு, கம்பைலரின் மூன்று விதி, படம், அட்டவணை. பன்னிரண்டு பக்கம் ஆயிற்று. முதல் பக்கத்தில் எழுத வேண்டிய ‘தவறு என்னுடையது’ என்ற இரண்டு வார்த்தை மட்டும் எங்கே வைத்தாலும் பொருந்தவில்லையாம். என்ன பொருத்தம் பார்த்தாரோ, கல்யாணமா நடக்கிறது? ஸ்டாக் விஷயத்தில் கஞ்சர் சொன்னால் மறுபேச்சில்லை என்பதுதான் அந்த மனுஷன் முப்பது வருஷத்தில் சேர்த்த ஒரே சொத்து. அதைக் கையை விட்டுக் கொடுக்க மனசு வரவில்லை. வேறு காரணமெல்லாம் இல்லை.

ஐந்தாம் நாள் விசாரணைக் கூட்டம். கண்ணாடி அறை, நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். பெரியவர், வேகம், கஞ்சர், கையெழுத்தக்கா. முதலில் வேகத்தைக் கேட்டார்கள். “அளவு சரியா இருக்குன்னு கஞ்சர் சார் எழுதிக் குடுத்தாரு, அப்புறம்தான் எடுத்தேன்” என்று அவர் கையைக் கழுவிக்கொண்டார். பொய்யும் இல்லை.

“ஆக, சோதனையில ஆறாயிரத்துத் தொள்ளாயிரம்” என்றார் பெரியவர். “ஆஸ்பத்திரியில நிரம்பி வழிஞ்சிருக்கு. நடுவுல இருந்தது ரிலீஸ் பில்டு மட்டும்தான். அதுல செட்டிங் ஏதாவது மாத்தினீங்களாம்மா?”

“எதுவும் மாத்தல சார். பதிவு இருக்கு, பாத்துக்கலாம்.”

“அப்ப எப்படிம்மா வித்தியாசம் வந்துச்சு?”

அவள் கஞ்சரைத் திரும்பிப் பார்த்தாள். “அளந்தவங்களைக் கேட்டாத்தான் தெரியும் சார்.”

எவ்வளவு அகலமாகக் கதவைத் திறந்து வைத்தாள் பாருங்கள். பெரியவரும் திரும்பினார். “சார், நீங்க அளந்தீங்கல்ல?”

சட்டைப் பையில் மடித்த தாள் இருந்தது. பன்னிரண்டு பக்கமும் தோள்பையில் இருந்தன.

“அளந்தேன்” என்றார் கஞ்சர். “ஆறாயிரத்துத் தொள்ளாயிரம்.”

அதற்குமேல் யாரும் அவரைக் கேட்கவில்லை. கஞ்சர் அளந்தது தப்பாக இருக்கும் என்று அந்த அறையில் நினைத்துப் பார்க்கக்கூட ஆளில்லை. கையெழுத்துப் போட்டவர்தான் ரிலீஸைத் திரும்ப அளந்து பார்த்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. விதியில் அப்படி ஒரு வரி இருந்தது. பதினான்கு வருஷமாக எல்லோரையும் அந்த வரியை வைத்துத்தான் அவள் குடைந்தாள். இவருக்காக மட்டும் அதை விட்டுக்கொடுத்திருந்தாள். ஒன்பதாம் நாள், தானாகவே விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுக்கும்படி அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. வேகத்தை அதே வாரம் வேறொரு பெரிய வேலைக்குத் தலைவராகப் போட்டார்கள். வயிறு எரிகிறதா? எனக்கும்தான்.

பதினோராம் நாள் காலையில் அவள் மேஜையைக் காலி செய்தாள். ஒரு அட்டைப்பெட்டிதான். கஞ்சர் பாய்ந்து வந்து தூக்கிக்கொண்டார். “நான் கொண்டாறேம்மா, குடு.” வாசலில் அவள் வண்டி நின்றது. பெட்டியைப் பின் சீட்டில் வைத்தவர் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

“ஒண்ணு சொல்லணும்மா. அந்த அளவு...”

“தெரியும்ண்ணா.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ன தெரியும்?”

“மெஷின் நின்ன அன்னைக்கு சாயங்காலமே பேர்ப் பட்டியலைத் தேடினேன். அந்தப் பேரு இல்ல. சோதனை அழைப்ப எடுத்துட்டு நீங்க திரும்ப அளக்கலன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் ஏம்மா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் வேலை போயிருக்காதே!”

“நான் சொன்னா, தப்பிக்கிறதுக்காக உங்களை மாட்டிவிட்டேன்னு ஆகியிருக்கும். அதவிட, நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன். அவரு உங்களைக் கேட்டாரே, அப்பகூட உங்க வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன்.” அவள் குரல் உயரவே இல்லை. “தப்பு எல்லாருக்கும் வரும்ண்ணா. அந்த அளவு தப்பாப் போனதுல எனக்கு உங்கமேல ஒரு வருத்தமும் இல்ல.”

“இப்ப போய்ச் சொல்றேம்மா. இதோ, இப்பவே போறேன்.”

“அத என்கிட்ட கேட்டுச் செய்யாதீங்க” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள், அதுகூட மறக்கவில்லை.

கஞ்சர் நேராகப் பெரியவரின் அறைக்குப் போனார். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை, நாலு மாடியும் படியேறினார். மூச்சு வாங்க, பன்னிரண்டு பக்கத்தையும் மேஜைமேல் வைத்தார். “தப்பு என்னுது சார். அவங்க இல்ல.” அந்த இரண்டு வார்த்தையும் ஒருவழியாக வாயிலிருந்து வந்துவிட்டன.

பெரியவர் தாளைத் தொடவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“உங்க மனசு எனக்குப் புரியுது சார். பதினாலு வருஷம் கூட வேலை பாத்தவங்க. அவங்களைக் காப்பாத்தணும்னு உங்க தலையில போட்டுக்கிறீங்க. உங்களை மாதிரி ஆளுங்களாலதான் சார் இந்தக் கம்பெனி நிக்குது.”

“அப்படி இல்ல சார், இதுல முழுக்க எழுதியிருக்கேன், ஒரு தடவை படிச்சீங்கன்னா...”

“அறிக்கை முந்தாநாளே மேல போயாச்சு. அவங்களும் எழுதிக் குடுத்துட்டாங்க. இப்ப இதப் பிரிச்சா, அஞ்சு மெஷின் கதை அம்பது மெஷின் கதை ஆயிடும். யாருக்கு லாபம்?” பெரியவர் பன்னிரண்டு பக்கத்தையும் ஒழுங்காக அடுக்கி, அவர் பக்கமாகவே தள்ளினார். “எடுத்துக்கிட்டுப் போங்க. இத நான் பாக்கல.”

அந்தத் தாளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். படித்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கலாம். அறிக்கை யாருக்குப் போனதோ அவர்களுக்கே ஒரு நகல் அனுப்பியிருக்கலாம். அந்த முகவரி இவருக்குத் தெரியாததில்லை. கஞ்சர் தாள்களை எடுத்துக்கொண்டார். “சரி சார்” என்று எழுந்தார்.

வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. நிஜமாகவே லேசாக இருந்தது, அதுதான் கொடுமை. போய்ச் சொன்னோமா, சொன்னோம். கேட்காதது அவர்கள் தப்பு என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மணி ஒன்றாகியிருந்தது. கான்டீனுக்குப் போய் ஜன்னலோரமாக உட்கார்ந்து, பதினோரு நாளில் முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்டு வாங்கினார்.